வந்த திகதி

லிட்கம்மில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிவசோதி படகில் வந்தவர். விசாவுக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர். ஒரு பெட்டி வெறுமையாக இருந்ததற்காக முழுப் படிவத்தையும் திருப்பி அனுப்பிய அதிகாரிகளைத் திட்டாமல் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது. நிரந்தர விசா கிடைத்ததும் நகருக்கு வெளியே, கோல்பர்ன் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினார். நட்டது ஒரே ஒரு முருங்கை; அதுவும் பனியில் கருகிவிட்டது. ஆனாலும் அவர் இப்போது காணிக்காரர்.

ஒரு சனிக்கிழமை ரே என்ற பெரியவர் அந்தக் காணியின் வேலியோரம் வந்து நின்றார். அந்த மண்ணின் பூர்வகுடி. கங்காரு வேட்டை அவருக்குப் பரம்பரை உரிமை, சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் காணிக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். முந்தைய சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தது இனிச் செல்லாது. மாதக் கடைசியில் லைசென்ஸ் முடிகிறது. ஈஸ்டருக்குக் குடும்பமே கூடும், கங்காரு வாலை நெருப்பில் சுட வேண்டும்.

"இரண்டு வரி போதும்" என்றார் ரே.

வாழ்நாளில் முதல்தடவையாக ஒருவர் சிவசோதியிடம் அனுமதி கேட்கிறார். அதை இரண்டு வரியில் முடிக்க அவருக்கு மனம் வருமா? தன் பழைய விசாப் படிவத்தைப் பார்த்து நான்கு பக்கத்தில் ஒன்று தயாரித்தார். எங்களிடம் காட்டிப் பெருமையும் பட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ரே பொறுமையாக நிரப்பி அனுப்பினார். 'இவ்விடத்துக்கு வந்த திகதி' என்ற பெட்டி மட்டும் வெறுமை. சிவசோதி படிவத்தைத் திருப்பி அனுப்பினார்.

"அந்தாள் அதில என்னத்தைப் போடுறது?" என்று கேட்டாள் அவர் மனைவி வதனி.

"சட்டமெண்டா எல்லாருக்கும் ஒண்டுதான். எனக்கு ஆர் இரங்கினவை?"

ஈஸ்டர் முடிந்த பிறகு ரே அதே படிவத்தோடு வந்தார். பெட்டி இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று சிவசோதியைக் கேட்டார்.

"இரண்டாயிரத்துப் பன்னிரண்டில்."

"நீங்கள் வரும்போது நாங்கள் இங்கே இருந்தோம். வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள்."

சிவசோதிக்கு முகம் கறுத்துவிட்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டு, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

"லைசென்ஸ் முடிந்துவிட்டது. துப்பாக்கியைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டேன். இது புதிதாக விண்ணப்பிக்க" என்ற ரே, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

சிவசோதி வதனியைப் பார்த்தார். "நான் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான்தானே."

"ஓம்" என்றாள் வதனி. "உங்கட விசாவிலயும் அவங்கள் கடைசியில கையெழுத்து வைச்சுத்தானே தந்தவங்கள்."