கொத்தாமல் பூசிய சுவர்

பாலகிருஷ்ணன் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலியாட்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். புக்கிட் பெருந்துங்கில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்த காலத்தில் பூச்சுக் கரண்டி பிடித்தார். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். அந்தப் பேர்தான் அவருக்கு எல்லாமும்.

போன வருடம் கோல சிலாங்கூர் ஆற்றுமுகத்தில், காடு மூடிக் கிடந்த சிறிய கோட்டையைப் பொதுமக்கள் வந்து உட்காரும் இடமாக்கும் வேலைக்குப் போனார். தனுஜா என்ற கட்டடக் கலைஞரின் திட்டம் அது. பீரங்கி மேடையில் உட்காரப் படிகள், வெடிமருந்து அறையில் வாசிப்புக்கூடம்.

திங்கட்கிழமை பிற்பகல் பெரிய ஆட்கள் பார்வையிட வருவதாகப் பேச்சு. விருந்தாளி வந்தால் வெடிப்பை அடைத்துச் சுவரைப் பளிச்சென்று ஆக்குவது லயத்து வழக்கம். யாரும் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமை வெடிமருந்து அறைச் சுவர் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டார். பூசுமுன் அந்தச் சுவரில் ஒரு கப்பல் படம் கீறியிருந்தது. ஏதோ பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்தார்.

மறுநாள் காலை தனுஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, கப்பல் எங்க?"

"எந்தக் கப்பலும்மா? ஆத்துலயா?"

"செவுத்துல! அந்தக் காலத்துச் சிப்பாய் கீறினது. அதக் காட்டத்தான் இந்த ரூமே!"

மெஷின் வைத்துத்தான் உடைக்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். உடைத்தால் பழைய சுண்ணாம்பும் சேர்ந்து உதிரும், கப்பல் போய்விடும். கூடவே பாலகிருஷ்ணனின் வேலையும் போகும்.

பழைய சுவரைச் சுத்தியலால் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் பூச வேண்டும். அப்போதுதான் பூச்சு பிடிக்கும். அவசரத்தில் அவர் அதைச் செய்யவில்லை. வெளியே சொல்கிற விஷயமில்லை அது. எட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"மெஷின் வேணாம்மா. நான் கொத்தாமதான் பூசினேன். புடிச்சிருக்காது."

கூட வேலை பார்க்கும் தீபன் சிரித்துவிட்டார். "யாரு, நீயா? போன மாசம் கொத்தாம பூசினதுக்குத்தானே என்னைய நாலு பேரு முன்னால கிழிச்ச லா!"

பாலகிருஷ்ணன் சுவரை நெருங்கினார். விரலால் தட்டினார்; உள்ளே ஒட்டாமல் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. மெல்லிய தகட்டை நுழைத்து நெம்பினார். பூச்சு அப்பளம் மாதிரி கழன்று வந்தது. மதியத்துக்குள் கப்பலும் இரண்டு பாய்மரங்களும் வெளியே வந்தன. மூன்றாவது பாய்மரம் சிமெண்டோடு போனது.

தனுஜா உதிர்ந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "முழுக் கப்பலோட பழைய போட்டோ இருக்குண்ணே. பக்கத்துல மாட்டிடலாம்."

வேலை தப்பியது. மறுவாரம் வெளிச்சுவரில் ஏறிய தீபன் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பாலா, இதக் கொத்தணுமா, வேணாமா?"

"தனுஜா பிள்ளையக் கேட்டுட்டுக் கைய வைய்யி" என்றார் பாலகிருஷ்ணன்.