ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம்

பாகம் பிரித்த அன்று சணல் கயிற்றின் ஒரு முனையை என் கணவரும் மறுமுனையை அவருடைய அண்ணனும் பிடித்திருந்தார்கள். போடிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த மாமனாரின் காப்பித் தோட்டம் அந்தக் கயிற்றால் இரண்டானது. எல்லாரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலேயே பெரிய மரம். அதன் நிழலில் நின்ற செடிகள் மட்டும் சித்திரை வெயிலிலும் இலை வாடாமல் நிற்கும். கயிறு தரையில் படிந்தபோது மரம் ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, அண்ணன் பாகத்தில். அவருடைய மனைவி, என் ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பழம் பழுத்தா ரெண்டு வீட்டுக்குந்தான் ஆத்தா” என்றார். சொன்னபடியே வருடா வருடம் கொடுத்தார். பிசின் ஒட்டாமல் கைக்கு எண்ணெய் தடவி, சுளையாக எடுத்து, தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தனுப்புவார். தின்றேன். தின்றுகொண்டே வயிறெரிந்தேன்.

எதிர்வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அடுத்த வீட்டுக்காரி அம்மிக் குழவியால் வயிற்றில் குத்திக்கொண்டாளாம். அந்த அடுத்த வீட்டுக்காரி நான்தான். அக்காவிடம் பொறாமைப்பட அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியாது. என்னைவிடக் கறுப்பு, என்னைவிடக் குட்டை, நான் எட்டு வரை படித்தவள், அவர் அதுவும் இல்லை. ஆனால் அவர் வைத்த செடி பிழைக்கும், அவர் பிடித்த ஆடு இரட்டைக் குட்டி போடும். இதற்கெல்லாம் அவர் கொஞ்சமாவது பெருமைப்பட்டிருந்தால் எனக்கும் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். அதுவும் செய்ய மாட்டார். என்னக்கா இப்பிடிக் காய்ச்சிருக்கு என்று கேட்டால், “அது மரத்தோட குணம், நா என்னத்தச் செஞ்சேன்” என்று சிரிப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காப்பி விலை விழுந்து, பழத்தைப் பறிக்கிற கூலிக்கே கட்டாமல் போன வருடங்களில்தான் எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிகள் சேர்ந்து சங்கம் வைத்தோம். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், மலையில் எங்களைப் போலக் கொஞ்சம் காப்பி வைத்திருந்தவர், செயலாளர் ஆனார். நிறைய விளைவித்து நம்மால் பெரிய எஸ்டேட்டுகளோடு போட்டி போட முடியாது, நல்லதை விளைவிப்போம் என்பது அவருடைய பேச்சு. சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. சங்கத்தைக் கேட்காமல் நிழல் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. “கொட்டையும் நல்லா இருக்கணும், காடும் நல்லா இருக்கணும். ஒண்ணக் கெடுத்து ஒண்ணு வேணாம்” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீரபாண்டித் திருவிழாவுக்கு முந்தின வாரம், காய்ந்த காப்பி எல்லாம் மூட்டையான பிறகு, நாங்களே ருசி பார்ப்போம். கிண்ணங்களில் காப்பித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வரிசையாக வைத்திருப்பார்கள். யாருடையது என்கிற சீட்டு கிண்ணத்துக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொருவரும் கரண்டியால் எடுத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். ஆம்பிளைகள் நடுவில் அப்படி உறிஞ்ச முதல் வருடம் பொம்பளைகளுக்குக் கூச்சமாக இருந்தது. எந்தக் கிண்ணம் பிடித்ததோ அதற்குப் பின்னால் இருக்கும் டம்ளரில் ஒரு காப்பிக்கொட்டையைப் போட வேண்டும். கொட்டை அதிகம் விழுந்தவருடைய காப்பி மட்டும் மற்றவற்றோடு கலக்காமல், அவர் பெயர் எழுதிய அட்டையோடு தனி மூட்டையாகப் போகும். வாடை, கெட்ட ருசி ஏதும் இருந்தால் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிடுவார்கள்.

அந்த அறையில் என் நாக்குக்குத் தனி மரியாதை. ஒரு வருடம் ஒரு கிண்ணத்தை உறிஞ்சிவிட்டு, இதில் ஏலக்காய் வாசம் இருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சீட்டைத் திருப்பி ஆளை விசாரித்தால், அந்த மனிதர் போடியில் மச்சினன் வீட்டு ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே காப்பியை ஒரு மாதம் அடுக்கி வைத்திருக்கிறார். ஏலக்காய் ஊர்க்காரர்களுக்கு அந்த வாசம் மூக்கில் உறைப்பதே இல்லை, வீடே அப்படித்தானே மணக்கும். காப்பியோ பக்கத்தில் எது இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். அன்றிலிருந்து நான் குறை சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் பெயர் அட்டை என்னவோ அக்காவுக்குத்தான் போயிற்று. முதல் வருடமும் அவர், அடுத்த வருடமும் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் பெயர் மூட்டையில் ஏறிக் கப்பலுக்குப் போனது. என் காப்பி பொதுமூட்டையில் கலந்து போனது. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே மண், ஒரே மழை. அந்தப் பலா மரம் என் பக்கம் விழுந்திருந்தால் அந்த அட்டையில் என் பெயர் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு முழத்தை மனசுக்குள் எத்தனை தரம் அளந்தேன் என்று கணக்கே இல்லை.

மூன்றாம் வருடம் நான்காவது கிண்ணத்தை உறிஞ்சியதுமே தெரிந்துவிட்டது. விழுங்கின பிறகும் நாக்கின் ஓரத்தில் கருப்பட்டி போல ஒரு தித்திப்பு நிற்கும். அது அக்காவின் காப்பி. கூட்டுக்குடும்பமாக இருந்தபோது பலாவடிச் செடிகளின் காப்பியைத்தான் வீட்டுக்கு எடுத்துவைப்போம், எனக்குத் தெரியாதா. கரண்டியைக் கழுவினேன். செயலாளரைப் பார்த்து, “இதுல பூஞ்ச வாடை அடிக்குதுண்ணே. காய விட்ட களத்துல ஈரம் நின்னுருக்கு” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, ஆனால் வாய் தவறி வந்ததும் இல்லை. கிண்ணம் ஓரத்துக்குப் போயிற்று. மேல்தோட்டத்துக்காரர் ஒருவருக்கு அந்த வருடம் அட்டை கிடைத்தது. எனக்கு அப்போதும் கிடைக்கவில்லை.

செயலாளர் சீட்டைத் திருப்பிப் பெயரைப் படித்ததும் அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, “நல்ல வேள சொன்ன. கெட்டுப்போனத எம் பேரப் போட்டு அனுப்பியிருப்பாக” என்றார். மறுவாரமே சங்கத்தில் போய் நின்றார். களத்துக்குச் சாயங்கால வெயில் வராமல் பலா மறைக்கிறது, அதனால்தான் ஈரம் நிற்கிறது, மரத்தை எடுத்தால்தான் வாடை போகும் என்றார். செயலாளருக்கு மனசில்லை. அத்தனை பெரிய மரத்தை எப்படி வெட்டச் சொல்வது என்று இழுத்தார். அக்கா என்னைக் கை காட்டினார். “இவ நாக்கு தப்பாச் சொல்லுமா? நீங்களே சொல்லுங்க.” செயலாளர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதிலுக்கு மூன்று கன்று நடச் சொல்லி உத்தரவு கொடுத்தார்கள். நல்ல காப்பியும் காடும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றது எங்கள் சங்கத்தில் அந்த ஒரு தடவைதான். நிற்க வைத்தவள் நான்.

மரத்தை அறுத்த அன்று நான் கம்பத்தில் என் கூடப்பிறந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் வெளிச்சமாக இருந்தது. இரண்டு கோடை கழித்து அங்கே செடிகளின் இலை மஞ்சளித்துத் தொங்கியது, தண்டு வரி வரியாக வீங்கியது. தண்டுத் துளைப்பான். வெயில் படுகிற தண்டைத் தேடித்தான் அந்த வண்டு முட்டையிடும். மருந்தடிக்காத சங்கத்தில் அதற்கு ஒரே வைத்தியம், செடியைப் பிடுங்கி எரிப்பது. பலாவடியில் இருந்த செடி அத்தனையும் போயிற்று. நானும் போய்ப் பிடுங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய. என் பக்கம் வேறு நிழல் மரங்கள் இருந்ததால் ஒரு செடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா வேரோடு ஒரு செடியை இழுத்துப் போட்டுவிட்டு, “ஒன்னோடதுக்கு வரலேல்ல, அது போதும்” என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதற்காக உண்மையைச் சொல்லிவிடவும் இல்லை.

மறுபடி நட்ட செடிகள் காய்த்து, அக்கா தன் காப்பியைத் திரும்பவும் ருசி பார்க்க வைத்தது இரண்டாயிரத்துப் பத்தில். அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொதுமூட்டையில் கலந்துவிடச் சொல்லிவந்தார். அன்று ஆறு கிண்ணம். இரண்டாவதை உறிஞ்சினேன். கருப்பட்டித் தித்திப்பு. மரம் இல்லை, பழைய செடி இல்லை, ஆனாலும் அது வந்து நின்றது. அப்படியானால் ஒரு முழத்தில் ஒன்றும் இல்லை. எத்தனையோ வருடம் கழித்தும் அதே இடத்தில் சுருக்கென்று குத்தியது. என் கொட்டையை அந்த டம்ளரில் போட்டேன்.

அக்கா எனக்கு அடுத்து நின்றிருந்தார். “ஏத்தா, எதுலயாச்சும் அந்தப் பூஞ்ச வாடை வருதா? இன்னம் இருக்குமோன்னு பயமா இருக்கு.”

“இல்லக்கா.”

“அப்ப போயிருச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. “போறதுக்கு அது எப்பவுமே இல்லக்கா” என்றேன். “அன்னைக்கும் இல்ல. நா பொய் சொன்னேன்.”

செயலாளர் தன் கரண்டியைக் கீழே வைத்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கரண்டியைத் தண்ணீரில் அலசினார், மறுபடியும் அலசினார். “மரம் நிக்கிறப்பவே சொல்லியிருக்கலாம்ல ஆத்தா” என்றார்.

பிறகு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார். அடுத்ததுக்கு. ஐந்தாவதை உறிஞ்சி, வாயில் வைத்திருந்து விழுங்கினார். “இது ஒன்னோடது. நல்லாருக்கு” என்று சொல்லி, தன் கொட்டையை அதன் டம்ளரில் போட்டுவிட்டு வெளியே போனார். ஊருக்குத் திரும்புகிற ஜீப்புக்குக் காத்திருக்காமல் மலையிலிருந்து நடந்தே கீழே இறங்கிவிட்டார்.

ஒரு கொட்டை வித்தியாசத்தில் அந்த வருடம் அட்டை எனக்குக் கிடைத்தது. இத்தனை வருடம் ஆசைப்பட்ட பெயரை அட்டையில் எழுதும்போது செயலாளர் என்னோடு பேசவில்லை. அக்கா இப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காப்பியைப் பற்றி மட்டும் பேசுவார், வேறெதுவும் பேச மாட்டார். அவருடைய மரம், செடி, கைராசி எதன் மேலும் எனக்கு இப்போது பொறாமை இல்லை. அந்த நிமிஷத்தில் என் காப்பியை வாயில் வைத்துக்கொண்டு அவரால் நல்லாருக்கு என்று சொல்ல முடிந்தது. என்னால் முடிந்திருக்காது.