காளிமுத்துவின் குரலுக்கு நான் எழுதிய விளம்பரம்

விளம்பரத்தைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. தொண்ணூற்று மூன்றில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகுக் கிட்டங்கியின் மாடியில், ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து ‘வைத்தி அட்வர்டைசிங்’ தொடங்கியபோது அவை மட்டுமே என்னிடம் இருந்தன. கீழேயிருந்து மிளகு நெடி ஏறும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாடிக்கையாளர்கள் தும்முவார்கள். தும்மினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

முதல் அபிப்பிராயம்: பெயர் கடையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். எட்டடிக் கடைக்கு ‘சென்டர்’. பத்தடிக்கு ‘வேர்ல்ட்’. இரண்டாவது: ஒரே விஷயத்தை மூன்று தடவை கேட்டால் ஜனம் நம்பும். மூன்றாவது: அவசரப்படுத்த வேண்டும். ‘சில நாட்கள் மட்டும்’ என்று போடாத நோட்டீஸ் என் பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததில்லை. என் கல்யாணநாள் சாப்பாட்டுக்கு நண்பர்களைக் கூப்பிட்ட காகிதத்தில்கூட அது இருந்தது என்று என் மனைவி திரிபுரசுந்தரி சொல்வாள். எனக்கு நினைவில்லை.

காளிமுத்துவுக்கு விளம்பரத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. அவனிடம் இருந்தது குரல்.

அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நகரத் துப்புரவு வேலையில் சேர்ந்தவர். காளிமுத்து மட்டாஞ்சேரியில் பிறந்தான். தமிழ் பேசுவான், எழுதப் படிக்க மலையாளம்தான். துப்புரவு வேலைக்குப் போக மாட்டேன் என்று வீம்பு பிடித்து, கட்சிக் கூட்டம், லாட்டரி, கோயில் உற்சவம் என்று கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறி மைக் பிடித்தான். கடைசியில் தண்ணீர் லாரியில் வந்து நின்றான்.

எங்கள் பக்கத்தில் நாலு திசையிலும் தண்ணீர் தெரியும். குழாயில் மட்டும் வராது. வெயில் காலத்தில் ஒரு ஒப்பந்தக்காரரின் லாரி தோப்பும்படிப் பாலம் வழியாக வரும். நாங்கள் குடியிருந்த சுள்ளிக்கல் சந்துகளுக்குள் லாரி நுழையாது, முக்கில் நிற்கும். அரை மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். ஆகவே லாரிக்கு முன்னால் ஒரு ஆட்டோ சந்து சந்தாகப் போக வேண்டும். ஆட்டோவை பிஜு ஓட்டுவான். பின்சீட்டில் காளிமுத்து.

‘‘சுள்ளிக்கலிலே வீட்டம்மமாரே, இனி இருபது மினிட்டு.’’

இவ்வளவுதான். மூன்று தடவைகூடச் சொல்ல மாட்டான். சொன்னால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தை எடுப்பார்கள். குளித்துக்கொண்டிருப்பவர்கள் பாதியில் வருவார்கள். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்.

காரணம், அவன் வேலை செய்த விதம். லாரி கிளம்பிவிட்டது என்று ஒப்பந்தக்காரர் ஃபோனில் சொல்வார். காளிமுத்து அதைக் கேட்டு வாயைத் திறக்க மாட்டான். பாலத்தடியில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருப்பான். லாரி பாலத்தைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிஜுவின் முதுகில் தட்டுவான். பதினோரு வருடம் இப்படி. ஒருநாள்கூட அவன் சொல்லி லாரி வராமல் இருந்ததில்லை. வேறு எதைச் சொல்லி அவனை அறிமுகப்படுத்துவது என்று தெரியவில்லை. அவனுக்கு இருந்த மரியாதை முழுவதும் இதில்தான் இருந்தது.

நான் இதை ஒரு சந்தை வாய்ப்பாகப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து நாலில் அவன் மகள் அம்பிளி சுள்ளிக்கலில் நைட்டிக் கடை போட்டாள். அதற்கு முன் எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். புதுக் கடை ஓடாவிட்டால் மறுபடியும் அங்கே போய் நிற்க வேண்டும். காளிமுத்து அவளை என் மாடிக்கு அழைத்து வந்தான்.

‘‘சாமி, இவளுக்கு என்னமாச்சும் செஞ்சு குடுங்க’’ என்றான். எங்களைப் போன்ற தமிழ் ஐயர்களை அங்கே எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடை பத்தடி. ‘ராயல் லேடீஸ் வேர்ல்ட்’ என்று பெயர் வைத்தேன். மயில் சின்னம் வரைந்தேன். போர்டில் ஏறியதும் அது கோழி ஆகிவிட்டது. அப்போது நான் இன்டர்நெட் விளம்பரத்திலும் இறங்கியிருந்தேன். என் அபிப்பிராயங்கள் உலகளாவியவை ஆகியிருந்தன. வெப்சைட் போட்டுவிடலாம் என்றேன்.

‘‘வேண்டா அங்கிள்’’ என்றாள் அம்பிளி. ‘‘சுள்ளிக்கல் மதி, அது போதும். லோகம் பின்னே பார்க்கலாம்.’’

கேட்கவில்லை. போட்டேன். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று உண்டு. அதை ஐயாயிரத்திலிருந்து தொடங்கி வைத்தேன். ஒரு வாரத்தில் ஐயாயிரத்து நாற்பது ஆனது. அந்த நாற்பதில் முப்பத்தெட்டு நான். மற்ற இரண்டு பேர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளூருக்கு ஆட்டோதான் என்று முடிவானது. நான் மலையாளத்தில் வாசகம் எழுதிக் காளிமுத்துவிடம் நீட்டினேன். அவன் உதடு அசைய வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

‘‘சாமி, இது வெள்ளத்துக்குச் சொல்றதாச்சே.’’ தண்ணீரை அவன் வெள்ளம் என்றுதான் சொல்வான்.

‘‘முதல் வரி மட்டும்தான். ஜனம் உன் குரலுக்குப் பழகியிருக்கு. அதைத்தான் பிராண்ட் என்கிறது.’’

‘‘அப்புறம், பாதி விலை, இன்னிக்கும் நாளைக்கும் மட்டும்னு இருக்கு. அப்படி இல்லல்லோ. மூணு மாசச் சரக்கு கெடக்கு. விலையும் நேத்திக்கு நீங்கதான கூட்டிப் போடச் சொன்னீங்க.’’

‘‘இதெல்லாம் பொய் இல்லை காளிமுத்து. டெக்னிக்.’’

‘‘லாரின்னா பாலத்துல நின்னு பாத்துக்குவேன்’’ என்றான். ‘‘இதை எந்தப் பாலத்துல நின்னு பாக்குறது?’’

பதில் தெரியாதபோது உரக்கப் பேசுவது என் பழக்கம். போட்டி, காலம், அமெரிக்கா என்று பேசினேன். கீழேயிருந்து மிளகு நெடி ஏறியது. காளிமுத்து தும்மினான்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ சந்துக்குள் போனது. கூரையில் ஆறு நைட்டிகள் கொடியாகப் பறந்தன. நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன்.

‘‘சுள்ளிக்கலிலே வீட்டம்மமாரே, இனி இருபது மினிட்டு’’ என்றது குரல். கதவுகள் திறந்தன. நைட்டி, பாதி விலை என்ற மிச்ச வாசகத்தைக் கேட்க யாரும் நிற்கவில்லை. முதல் வரியிலேயே ஓடத் தொடங்கிவிட்டார்கள். முக்கில் நாற்பது ஐம்பது பெண்கள் குடமும் பக்கெட்டுமாக நின்றார்கள். லாரி நிற்கும் இடத்தில் ராயல் லேடீஸ் வேர்ல்டின் பேனர் நின்றது.

‘‘காளிமுத்துச் சேட்டா, வெள்ளம் எவிடெ?’’ என்றாள் ஷைலஜா. எங்கள் சந்தின் முதல் வீடு. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று.

‘‘வெள்ளமில்லா சேச்சி, நைட்டியாணு’’ என்றான் பிஜு.

‘‘ஓ. நைட்டியில் சோறு வெய்க்காமோ?’’

சிரித்தார்கள். காளிமுத்து மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். ஆனால் வந்தவர்கள் வந்ததற்குக் கடையை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எடுத்தார்கள். குடத்துக்குள் நைட்டியைச் சுருட்டி வைத்துக்கொண்டு போன பெண்களை நான் ஃபோட்டோ எடுத்து வெப்சைட்டில் போட்டேன். சாயங்காலத்துக்குள் அலமாரி பாதி காலி. அம்பிளி மதியம் சாப்பிடக்கூட உட்காரவில்லை. அன்றைக்கு நான் சொன்ன அபிப்பிராயங்களை யாராவது குறித்து வைத்திருந்தால் ஒரு புத்தகம் வந்திருக்கும்.

மூன்றாம் நாளும் பாதி விலை நீடித்தது. பேனரில் ‘மக்களின் வேண்டுகோளுக்கு இணங்க’ என்று ஒரு வரி ஒட்டினேன். எந்த மக்கள் என்று ஒருத்தி கேட்டாளாம். அம்பிளி கோழியைப் பார்த்தபடி நின்றாளாம்.

அன்றைக்கே, வெள்ளிக்கிழமை மாலை, நான் வீட்டுக்கு வந்து கை கழுவப் போனேன். பக்கெட் கவிழ்ந்து கிடந்தது.

‘‘இன்னிக்கு லாரி வரலையா?’’ என்றேன்.

‘‘அதென்னமோ. இருபது மினிட்டுன்னு சத்தம் கேட்டது’’ என்றாள் திரிபுரசுந்தரி. ‘‘எனக்கு நைட்டி வேண்டாம்னு உக்காந்துட்டேன்.’’

முக்குக்குப் போய் விசாரித்தேன். லாரி வந்திருக்கிறது. அரை மணி நேரம் நின்றிருக்கிறது. வந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி சண்டை போட வந்தவள். மிச்சத் தண்ணீரோடு லாரி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. இனிச் செவ்வாய்க்கிழமைதான்.

காளிமுத்து ஆட்டோவை விட்டு இறங்கி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான். ஷைலஜா வீட்டு வாசலில் அவனைப் பார்த்தேன். நான் மதிலோரம் நின்றுவிட்டேன். தைரியம் என்பது என் தொழிலில் எழுத்தில் மட்டும் வரும்.

‘‘சேட்டன் பறஞ்சால் ஞான் குக்கர் இறக்கி வெச்சு ஓடி வரும்’’ என்று ஷைலஜா சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. ‘‘அன்னும் ஓடி வந்நில்லே? இன்னு எங்ஙனே அறியும், ஏதாணு உள்ளது, ஏதாணு கள்ளம்னு?’’

நீ சொன்னால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவேன், அன்றைக்கும் வந்தேன், இனி எது உண்மை, எது பொய் என்று எப்படித் தெரியும் என்கிறாள். காளிமுத்து பதினோரு வருடமாக மைக்கில் பேசுகிறவன். மைக் இல்லாமல் நின்றபோது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல இருந்தான்.

மறுநாள் அவனும் அம்பிளியும் மாடிக்கு வந்தார்கள்.

‘‘சாமி, ஒரு நோட்டீஸ் எழுதணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லணும். அன்னிக்கும் ஆரும் வரலைன்னா ஒப்பந்தக்காரர் வேற ஆளை ஏத்திருவார். ஏத்தட்டும். அவங்களுக்கு வெள்ளம் வேணுமே.’’

நான் உற்சாகமானேன். இழந்த நம்பிக்கையை மீட்பது பற்றி எனக்குத் தனியாக அபிப்பிராயங்கள் இருந்தன. ‘தவிர்க்க முடியாத காரணங்களால் ஏற்பட்ட சிரமத்துக்கு’ என்று தொடங்கினேன்.

‘‘தவிர்க்க முடியாததா? நாமதான சாமி எழுதினோம்?’’

பிறகு அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, வந்தவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அது இவ்வளவுதான்: சுள்ளிக்கல் வீட்டுப் பெண்களே, நான் காளிமுத்து. இது தண்ணீர் அறிவிப்பு இல்லை. போன புதன்கிழமை தண்ணீர் போலச் சொன்னது தப்பு. இரண்டு நாள் மட்டும் என்றது பொய். பாதி விலையும் பொய், அதுதான் விலை. வேண்டாதவர்கள் திருப்பித் தரலாம். என் மகள் கடை, பள்ளிவாசலுக்கு எதிரே.

‘‘கடை பேரு போடலையே’’ என்றேன். அந்தப் பெயருக்கு நான் ஒரு இரவு முழுக்க யோசித்திருந்தேன்.

‘‘அது எனக்கு வாயில வரல சாமி.’’

அம்பிளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எறணாகுளத்தில் நின்ற இடத்தை நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. கடைசியில் ‘‘அப்பா, மெரூன் கலர் சாயம் போகும். அதையும் சேர்த்துப் பறஞ்ஞோ’’ என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். விளம்பர வரலாற்றில் இப்படி ஒன்று இருக்க முடியாது என்று சொன்னேன். மெரூனைச் சேர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ நைட்டி கட்டாமல் சந்து சந்தாகப் போனது. காளிமுத்து இந்த முறை ஒவ்வொரு சந்திலும் மூன்று தடவை சொன்னான். பதினோரு நைட்டிகள் திரும்பி வந்தன. எல்லாம் மெரூன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. மனசாட்சி என்று சொல்ல ஆசை. நாலு நாளாகக் குளிக்கவில்லை என்பதுதான் காரணம். மூன்று மணிக்குக் குரல் கேட்டது. ‘‘வீட்டம்மமாரே, இனி இருபது மினிட்டு.’’ சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல்களில் திரைகள் மட்டும் அசைந்தன. ஆட்டோ எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. காளிமுத்து எந்த வீட்டையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனான்.

திரிபுரசுந்தரி உள்ளிருந்து வந்தாள்.

‘‘இது நீங்க எழுதிக் கொடுத்ததாக்கும்? இல்லே அவர் பார்த்துட்டுச் சொல்றாரா?’’

‘‘அவர் பார்த்துட்டுச் சொல்றது.’’

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் இரண்டு குடங்களைத் தந்துவிட்டு, மூன்றாவதைத் தேட உள்ளே போனாள்.

நான் சந்தில் இறங்கினேன். ஷைலஜா ஜன்னலில் நின்றாள். ‘‘சாமியும் போகுந்நுண்டோ? அப்போ இதும் விளம்பரமாணு’’ என்று உள்ளே யாரிடமோ சொன்னாள். நான் நின்று, இல்லை, இது நிஜமான தண்ணீர், என் பங்கு இதில் எதுவும் கிடையாது என்று விளக்கினேன். அடுத்த வீட்டிலும் விளக்கினேன். நான் பேசப் பேசக் கதவுகள் இன்னும் இறுகிச் சாத்திக்கொண்டன.

அப்போது திரிபுரசுந்தரி இடுப்பில் குடத்தோடு என்னைத் தாண்டிப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வேகமாக நடந்தாள். அவளைப் பார்த்துவிட்டு ஷைலஜா கதவைத் திறந்தாள். பிறகு எதிர்வீடு. பிறகு சந்து முழுவதும்.

முக்கில் லாரி நின்றது. காளிமுத்து குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு குடமும் நிறையும்வரை அதையே பார்த்தான். வரிசையில் நான் இருபத்திரண்டாவது ஆள். வீட்டைவிட்டு முதலில் இறங்கியவன் நான்தான். விளக்கிக்கொண்டு நின்றதில் பின்னால் போய்விட்டேன்.