சந்திரவதனாவின் எட்டு விநாடிகள்

வாசிக்க உட்காருவதற்கு முன் சந்திரவதனா அக்கா அந்த வெள்ளை மரப்பெட்டி வாத்தியத்தின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பார். கண்கள் மூடியிருக்கும். உள்ளே மோட்டார் ஒரே சீராகச் சுற்றுகிறதா என்று பார்க்கிறாராம். "குளிருக்கு இவருக்கும் தொண்டை கட்டும், பிள்ளை. அவசரப்படுத்தக் கூடாது." பெட்டி அவருக்கு 'இவர்'. கணவர் தில்லையம்பலமும் 'இவர்'தான். யாரைச் சொல்கிறார் என்று சில நேரம் கணவருக்கே விளங்காமல், அடுப்படியிலிருந்து "என்னப்பா?" என்று குரல் கொடுப்பார்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். நாங்கள் சென்னையிலிருந்து வந்து குடியேறிய முதல் வாரம், ஒரு மழை நாளின் பிற்பகலில், அந்தச் சுவர் பாடத் தொடங்கியது. தொலைவில், தண்ணீருக்கடியில் ஒரு கூட்டம் நின்று பாடுவது போல. சொற்கள் இல்லை, 'ஆ' மட்டும். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். செங்கல் மெல்ல அதிர்ந்தது. மறுநாள் கதவைத் தட்டிக் கேட்டபோது, கையில் மீன் செதில் மின்ன ஒரு பெண் சிரித்தார். "ஓம், அது நான்தான். சத்தம் கூடவோ?"

வயது ஐம்பத்தேழு. டூட்டிங் சந்தைக்குள் கணவனும் மனைவியுமாக மீன் கடை வைத்திருக்கிறார்கள். அறக்குளா மீனைத் துண்டு போடும்போது அவர் கத்தி ஒரு விசித்திரமான கணக்கில் விழும். ஆறு வெட்டுகள் வரிசையாக, ஏழாவது மட்டும் ஒரு மூச்சுத் தாமதித்து. எனக்குக் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரியும் என்ற பெருமையில், "மிச்ர சாபு தாளம் மாதிரி ஏழு எண்ணிக்கையா இருக்கே அக்கா" என்றேன் ஒரு நாள். அவர் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்கு உந்தச் சாபு கீபு ஒண்டும் தெரியாது. இது ஃபாக்டரி பெல்ட்டின்ர சத்தம்."

நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலை. இருபத்தோரு வயதில் அகதியாக அங்கே போய்ச் சேர்ந்தவர். மீன்கள் வரும் ரப்பர்ப் பட்டையில் எங்கோ ஒரு ஒட்டு பிய்ந்திருந்ததால் அது ஏழாவது சுற்றுக்கு ஒருமுறை நொண்டும். வெளியே வாரக்கணக்கில் சூரியன் இல்லை. சன்னலில் நீல இருட்டு. சில வருடம் கழித்து, பக்கத்தில் நின்று கொட் மீனின் முள் எடுத்த நோர்வேக்காரி ஒருத்தி ஒரு கசெட்டைப் போட்டுவிட்டாள். "முதல் தரம் கேட்கத் தலையிடிதான் வந்தது. பாட்டு முடியிற மாதிரி வரும், முடியாது. பிறகு பாத்தால், பெல்ட்டும் அவங்களும் ஒரே மாதிரி நொண்டுகினம். அப்ப பிடிச்சுப் போச்சு." பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் பழகிய விரல்கள். அந்த ஊர்த் தேவாலயத்தில் ஒரு பழைய ஆர்கன் சும்மா கிடந்தது. பாதிரியார் சாவியைக் கொடுத்துவிட்டார். மிச்சத்தை இருட்டு சொல்லிக்கொடுத்தது.

அந்த இசைக்குப் பெயர் ப்ரோகிரசிவ் ராக். பெயரிலேயே முன்னேற்றம் இருக்கிறது. எழுபதுகளில் கொடி கட்டிப் பறந்து, எண்பதுகளில் எல்லோராலும் கைவிடப்பட்டது. தொண்ணூறுகளில் சுவீடனிலும் நோர்வேயிலும் சில இளைஞர்கள் அதைத் தோண்டியெடுத்துத் தூசி தட்டினார்கள். அப்பாக்களின் பரணிலிருந்து பழைய வாத்தியங்களை இறக்கினார்கள். கசெட்டில் இருந்தவர்கள் அப்படிப்பட்ட ஒரு குழு. அந்திக்கருக்கல் என்று பொருள்படும் பெயர். ஹோகுன், ஐவின் என்ற இரண்டு சகோதரர்கள். அண்ணன் ட்ரம்ஸ், தம்பி கீபோர்டு. ஒரே ஒரு இசைத்தட்டு, 1994இல். சில ஆண்டுகளில் தம்பி நோயில் இறந்துபோனார். குழு கலைந்தது.

லண்டனில் வீடுகளுக்குச் சமையலறை பொருத்தும் வேலைக்கு வந்த ஹோகுன், பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி குழுவைத் தொடங்க நினைத்துக் கீபோர்டு வாசிக்க ஆள் கேட்டு ஒரு இசைக்கடைச் சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறார். அக்கா அதற்குள் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து மீன் கடை போட்டிருந்தார். கடை மூடிய கையோடு, கோட்டில் மீன் வாடையோடு போய் நின்றார். "என்னைப் பாத்திட்டு, கிளீனிங் ஆள் எண்டு நினைச்சு 'நாளைக்கு வாங்கோ' எண்டவர். நான் நோர்வீஜியனிலை 'இண்டைக்கே வாசிக்கிறன்' எண்டன்." அந்தத் தட்டிலுள்ள ஐவினின் தனி வாசிப்பை, ஒரு சுரம் தவறாமல் வாசித்துக் காட்டினாராம். ஹோகுன் எழுந்து சன்னலருகே போய் நெடுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் நேர்முகத் தேர்வு.

ஹோகுன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. அதனால் தம்பி வாசித்த அந்த வெள்ளைப் பெட்டி அக்காவின் முன்னறைக்கு வந்தது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு இருக்கிறது. கட்டையை அமுக்கினால் நாடா ஓடும். எப்போதோ யாரோ பாடிப் பதிவான குரல் எழும். எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் அது சுருண்டு பழைய இடத்துக்குப் போகும். நாடா தீருமுன் விரலை மாற்றிவிடுவதுதான் இதை வாசிப்பவர்களின் சாமர்த்தியம். "எட்டு செக்கனுக்கு மேலை இதிலை ஒருத்தராலும் அழ ஏலாது," என்பார் அக்கா.

பதினைந்து வருடம் அவர் ஐவினின் வாசிப்பை அப்படியே வாசித்தார். அந்த இடம் வரும்போது ஹோகுன் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இரண்டு நிமிடமும் அவருக்குத் தம்பி உயிரோடு இருந்தார் என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். "அது அவற்ர வீடு. நான் வாடகைக்கு இருக்கிறன்," என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். சொன்ன விதத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஹோகுன் இல்லாத நாட்களில் சுவர் வழியாக வேறொன்று வரத் தொடங்கியிருந்தது. குரல்கள் ஒவ்வொன்றாக அறுந்து விழும், நடுவே வெறுமை, பிறகு மீண்டும். அரைத்தூக்கத்தில் கேட்டால் பனிமூட்டத்துக்குள் யாரோ கதவுகளைத் திறந்து திறந்து மூடுவது போலிருக்கும்.

தட்டு வெளிவந்து முப்பது வருடம் ஆனதும் பிரச்சினை வந்தது. கேம்டனில் ஒரு சிறிய அரங்கு. முழுத் தட்டையும் மேடையில் வாசிக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ரசிகர்கள் வருகிறார்கள். "தட்டில் இருப்பதுபோல, இம்மி பிசகாமல்," என்றார் ஹோகுன். குழுவின் மூன்றாவது ஆள், பேஸ் கிட்டார் வாசிக்கும் லினேயா, சுவீடனிலிருந்து வந்த முப்பது வயதுப் பெண். "நாம் என்ன அருங்காட்சியகமா?" என்று கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி. அக்காவிடம் திரும்பி, "உங்கள் ஊர் இசையைச் சேர்க்கலாமே, ஒரு நாதஸ்வரம்?" என்றாளாம்.

அக்கா இதைச் சொல்லும்போது தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒராளுக்கு நான் செத்த தம்பியா இருக்கோணும். மற்றாளுக்கு நான் கோயில் திருவிழாவா இருக்கோணும். என்னட்ட என்ன இருக்கெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." அன்று அவரே கேட்டுவிட்டார். ஐவினின் அந்த இடத்தில் நான் என்னுடையதை வாசிக்கட்டுமா?

ஹோகுன் முடியாது என்றார். அக்கா பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

மூன்று வாரம் சுவர் பேசவில்லை. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், அவர் கேட்டிருந்த கறிவேப்பிலையைக் கொடுக்கப் போனபோது வாசலில் ஒரு வேன் நின்றது. ஹோகுன் பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். உயரமான, வெளிறிய மனிதர். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவரும் தில்லையம்பலமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வீட்டுக்குள் வாசல் நடை வரை வந்தது. கதவு நிலையில் இடித்து நின்றது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. அக்கா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் அதன் மேலாகவே கோப்பையை நீட்டினார்.

ஹோகுன் வெளிப் படியில் உட்கார்ந்து குடித்தார். அக்கா பெட்டிக்கு உள்பக்கம் நின்றபடி நோர்வீஜியனில் ஏதோ கேட்டார். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். மேகம் விலகித் தெருவில் வெயில் விழுந்தது, மறுபடி மூடியது. பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். அதன் பிறகு நிறையப் பேசினார். ஒருமுறை சிரித்தார், சிரிப்போடு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் அக்கா எனக்குச் சொன்னார். "உன்ர தம்பி அதை எத்தினை தரம் அப்பிடி வாசிச்சவன் எண்டு கேட்டன். 'ஒருக்கா' எண்டார்." பதிவு செய்த அன்று, யோசிக்காமல், ஒரே ஒரு முறை. மேடையில் ஐவின் அதைத் திரும்ப வாசித்ததே இல்லையாம். ஒவ்வொரு இரவும் வேறு வேறு. தட்டில் இருப்பதைத்தானே சனம் கேட்க வருகிறது என்று அண்ணன் சண்டை பிடிப்பாராம். தம்பி காதில் போட்டுக்கொள்ள மாட்டாராம். "'நான் அவனோடையும் இதுக்குத்தான் சண்டை பிடிச்சனான்' எண்டு சொல்லிச் சிரிக்கிறார், பாவம்."

"அப்போ சரின்னு சொல்லிட்டாரா அக்கா?"

"இல்லை. ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. 'இந்தக் கதவாலை இது வராது' எண்டிட்டுப் போட்டார்." ஒவ்வொரு கச்சேரிக்கும் சரித்துப் பிடித்து இதே கதவால் எடுத்துப்போன பெட்டி அது. நாங்கள் மூவரும் சேர்ந்து பெட்டியை மீண்டும் முன்னறைக்குத் தள்ளினோம்.

கேம்டன் அரங்கில் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சுற்றிலும் நரைத்த தாடிகள், வெளுத்துப்போன கறுப்பு டீ ஷர்ட்டுகள். எல்லோருக்கும் எல்லாம் மனப்பாடம். ஐவினின் இடம் நெருங்கியதும், என் பக்கத்து மனிதர் தன் தொடையில் விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். முன்வரிசையிலும் விரல்கள் காற்றில் தயாராயின. மேடையில் ஹோகுன் கண்ணை மூடினார்.

முதல் நான்கு சுரங்கள் ஐவினுடையவை. விரல்கள் காற்றில் கூடவே நகர்ந்தன. ஐந்தாவதில் அக்கா நின்றுவிட்டார். கட்டையை விடவில்லை. குரல் போனது, போனது, நாடா தீர்ந்து பட்டென்று அறுந்தது. அந்த மௌனத்துக்குள் இன்னொரு குரல் எழுந்தது. அதையும் அவர் முடிவு வரை போகவிட்டார். பிறகு இன்னொன்று. எல்லோரும் தப்பிக்கப் பார்க்கும் அந்த எட்டாவது விநாடியை அவர் காத்திருந்து சந்தித்தார். அறுந்த இடங்கள் ஏழுக்கு ஒருமுறை நொண்டின. அரங்கு மெல்ல மெல்ல இருண்ட நீலமாவது போல எனக்குப் பட்டது. பனி, கடல், எங்கோ ஓடும் ஒரு பட்டை, அதன் முன்னே வரிசையாக நின்று பாடும், வாய் திறந்து பாதியில் மறையும் மனிதர்கள்.

பக்கத்து மனிதரின் விரல்கள் தொடைமேல் அசையாமல் கிடந்தன. யாரோ ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார், இல்லை என்பது போல. ஹோகுன் தாளத்தை ஒரு கணம் தவறவிட்டார். கண்ணைத் திறந்தார். தெரியாத ஒருவரை முதல்முறை பார்ப்பது போல அக்காவைப் பார்த்தார். பிறகு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, விரல் நுனிகளால், மிக மெதுவாக அந்த நொண்டலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

முடிந்ததும் கைதட்டினார்கள். எல்லோரும் அல்ல. வெளியே ஒரு ஹாலந்துக்காரர் அக்காவை மறித்து, இதற்காகவா நான் விமானமேறி வந்தேன் என்று கேட்டார். அக்கா அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கவும் இல்லை. "ஐவின் அவருக்கும் தம்பி மாதிரித்தானே," என்று என்னிடம் சொல்லிவிட்டு, நார்தர்ன் லைன் ரயிலில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து கோலியர்ஸ் வுட் வரும்வரை தூங்கினார்.

யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். திட்டு பாதி, புகழ்ச்சி பாதி. இரண்டு மாதத்துக்குள், ஃபின்லாந்தில் ஒருவர் அதே வாசிப்பை மடிக்கணினியில் அச்சாக வாசித்துக்காட்டும் காணொளியும் வந்தது. அடுத்த கச்சேரிக்கு, 'கேம்டனில் வாசித்தது போலவே' வாசிக்கும்படி வேண்டுகோள்கள் வருகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னறையில் ஒத்திகை. பெட்டி எந்த மூலையில் நன்றாக ஒலிக்கும் என்று தேடி, புகைபோக்கிப் பக்கம் நகர்த்தியிருந்தார்கள். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். லினேயா ஒரு தாளை எடுத்து வந்தாள். கேம்டன் வாசிப்பை, ஒவ்வொரு அறுபடும் இடமும் விடாமல், இரவெல்லாம் இருந்து சுரங்களாக எழுதியிருக்கிறாள். புதுமைக் கட்சிக்காரி அல்லவா. முகம் முழுக்கப் பெருமை. "இதேபோல வாசித்துவிடுங்கள். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்." ஹோகுன் குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "வடிவா எழுதியிருக்கிறாய்," என்றார் தமிழிலேயே. தமிழ் தெரியாத லினேயாவுக்கு அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. பிறகு தாளை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து, பள்ளமான தரையில் ஆடிக்கொண்டிருந்த பெட்டியின் காலுக்கடியில் அதைச் செருகினார். மேலே கை வைத்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

"ம். தொடங்குவம்."