என் ரத்தத்தை நான் பார்க்காத ஏழு வருஷம்

தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் லேபில், ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் சரியாக ஓடுகிறதா என்று தினமும் காலையில் சோதிக்க வேண்டும். அதற்கென்று விற்கும் ரத்தம் தீர்ந்துவிட்டால் புதுசு வர நாளாகும். அந்த நாட்களில் என் ரத்தத்தையே எடுத்து ஓட்டுவேன். போன தடவை வந்த எண்களே வந்தால் மெஷினில் கோளாறில்லை. ஏழு வருஷம் இப்படித்தான். எண் மாறுகிறதா என்று பார்த்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. ஊரார் ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி தப்பினால் பாய்கிற ஆள் நான். என் விஷயத்தில் கண்ணிருந்தும் குருடி.

கல்யாணமாகி நாலாம் வருஷம் உண்டானேன். ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குத்தான் அது குறைவில்லை? பேசாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாசம் ஒரு நாள் காலையில், மெஷினைச் சோதிக்க என் ரத்தத்தை ஓட்டியதில் வந்த சீட்டை, லேபுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா கையில் எடுத்தார். சிவப்பணு ஒவ்வொன்றும் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதே, வெறும் இரும்புச்சத்துக் குறைவென்றால் பெரும்பாலும் இப்படி வராதே என்றார். யாருடைய ரத்தம் என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

“கல்யாணம் சொந்தத்துலயாம்மா?”

தாய்மாமன் மகன்தான் என்றேன். அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

பெற்றவர்கள் வழியாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயமில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் இருந்தால், பிறக்கிற பிள்ளை மாசாமாசம் ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கலாம். இதெல்லாம் நானும் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

நடவுக்கு ஆள் வந்து நிற்கும்போது ஊசி எதற்கு என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். காலில் சேறு காயாமல் வந்து உட்கார்ந்தவருக்கு நானே ரத்தம் எடுத்தேன். மெஷின் ஒரு நிமிஷத்தில் சீட்டைக் கொடுத்தது. அணு சின்னது, எண்ணிக்கை அதிகம். அச்சு அசலாக என்னுடையது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அடுத்த ஆளின் குழாயை எடுத்து வைத்தேன்.

என்ன வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்திருக்கிறது என்றேன். அவருக்குச் சிரிப்பு.

“அத்த பொண்ணாச்சே, வேற எப்படி இருக்கும்?”

உறுதி செய்யும் பரிசோதனைக்கு இரண்டு பேர் ரத்தத்தையும் வெளியே அனுப்பினோம். நாலு நாளில் பதில் வந்தது, சந்தேகப்பட்டதேதான். அன்று சாயங்காலம் சோறு போட்டு வைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலில் ஒரு பிள்ளைக்கு வர வாய்ப்பு உண்டு, சென்னைக்குப் போய்க் கருவைச் சோதிக்க வேண்டும் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

“நாலுல ஒண்ணுன்னா, மிச்சம் மூணு நல்லாத்தானே இருக்கும்?”

“வயித்துல இருக்கறது ஒண்ணுதாங்க.”

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.