செத்தவள் வாய்திறந்த பாடம்

உயர்தர வகுப்பில் நான் ஆங்கில இலக்கியம் எடுத்ததற்கு இலக்கியம் காரணமில்லை. அந்தப் பாடத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் காணாது என்று, பக்கத்துக் கன்னியர் மடத்திலிருந்து மூன்று பிள்ளைகளை எங்கள் வகுப்புக்கு அனுப்பினார்கள். அதில் ஒருத்தி பாலையூற்றிலிருந்து வருபவள். அவளிடமிருந்து எனக்கென்று ஒரேயொரு சொல் வாங்கிவிட வேண்டும். என் கல்வி நோக்கம் அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளுக்குக் காவலாக ஒரு சிஸ்டரும் வந்து, செபமாலையோடு வாசலோரக் கதிரையில் இருப்பார். பாடத்தைத் தவிர வேறு கதை கிடையாது.

பாடம், பொறாமை பிடித்த ஒரு தளபதியின் நாடகம். எவனோ காதில் ஊதிய பொய்யை நம்பி, ஒரு பிழையும் செய்யாத மனைவியைக் கடைசி அங்கத்தில் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டுத் தானும் சாகிறான். வெளிநாட்டுப் புத்தகங்கள் கிடைக்காத காலம் அது. துறைமுகம் கண்முன்னால் கிடக்கிறது, கோதுமை மா ஏற்றிய கப்பல் வருகிறது, புத்தகம் மட்டும் வரவில்லை. வகுப்புக்கே இரண்டு பிரதிகள்: ஒன்று படிப்பிக்கிற சேரிடம், மற்றது அந்தப் பிள்ளைகளிடம். ஆகவே பெடியங்கள் நாங்கள் அவரவர் வாசிக்கும் வரிகளை மட்டும் தாளில் பார்த்தெழுதிக்கொள்வோம். மற்றவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவர் வாசிக்கும்போதுதான் தெரியும்.

கடைசி அங்கத்துக்கு அவள்தான் மனைவி. தளபதி யார் என்று சேர் கேட்டு முடிக்கவில்லை, நான் எழும்பிவிட்டேன். முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டது போன்ற உடம்பு எனக்கு. சேர் மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, சண்டையில்லாத நேரத்துத் தளபதி எண்டு வைப்பம்."

விடுதியிலிருந்து தலையணை வந்தது. உடனே சிஸ்டர் எழும்பினார்.

"சேர், கொலையெண்டாலும் மேசைக்கு அங்கால நிண்டு செய்யட்டும்."

அப்படியே ஏற்பாடாயிற்று. மேசையின் அந்த விளிம்பில் அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். இந்த விளிம்பில் நின்று, நடுவில் கிடந்த தலையணையை நான் முழுப்பலத்தோடும் அமுக்கினேன். கொன்று முடித்து, அழுகிற வரிகளுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். வேலைக்காரியாக வாசித்த பிள்ளை உள்ளே வந்தாள். அந்த நேரம் பார்த்துச் செத்தவள் வாய்திறந்தாள்!

என் தாளில் அப்படி எதுவும் இல்லை.

"ஐயோ சேர், இவ இன்னும் சாகேல்ல!" என்று துள்ளிப் பின்வாங்கியதில் பின்னால் கிடந்த கதிரையோடு விழுந்தேன்.

"இன்னொருக்கா அமத்து மச்சான்!" என்றான் கடைசி வாங்கிலிருந்த சினேகிதன்.

சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிஸ்டர் செபமாலைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவள் சிரிப்பை அடக்க ஏலாமல் எழுந்து, புத்தகத்தை மேசைக்கு இங்கால் தள்ளிவிட்டாள்.

"முழுக்க வாசிக்காமலோ என்னைக் கொல்ல வந்தனீங்கள்?"

ஒரு சொல் கேட்டவனுக்கு ஒரு வசனமே கிடைத்துவிட்டது! நிலத்தில் கிடந்தபடியே அதை மனப்பாடம் செய்தேன்.

அன்று பின்னேரம் கடற்கரையில் இருந்து முழுவதையும் வாசித்தேன். சாகும்போதும் அந்தப் பெண் கணவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. யார் செய்தது என்று வேலைக்காரி கேட்க, கடைசி மூச்சில் வாய்திறந்து, தன்னை ஒருவரும் கொல்லவில்லை என்கிறாள். தளபதியும் என்னைப்போல் ஒருவன்தான் என்று அப்போது விளங்கியது. தன் வரிகளை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தான். அவளுடைய தாளில் என்ன இருக்கிறதென்று கடைசிவரை பார்க்கவேயில்லை.

அடுத்த நாள் புத்தகத்தைக் கொடுத்தேன்.

"வாசிச்சிட்டீங்களோ?"

"ஓம். முழுக்க."

"அப்ப இண்டைக்கு நான் தளபதி. நீங்கள் படுங்கோ."

சேர் மறுக்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தோம். அவர் கதிரையை வாசலிலிருந்து மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார், நன்றாகப் பார்ப்பதற்கு. நான் தலையைச் சாய்த்தேன். அவள் தலையணையை அமுக்கினாள், என்னைவிட நன்றாகவே. பிறகு என் முறை வந்தது. செத்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக ஒருவனும் கதைத்திருக்கமாட்டான்.