செவலனுக்கு ஒரு கூறு

எங்கள் நாயின் பெயரை ஆட்டுக்கறிக் கூறுக்குக் கொடுத்தது நான்தான். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அப்பா இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை. நானே எழுதிவிட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது என்பதால் எழுதுகிறேன்.

ஏழாவது முடித்து மே மாத விடுமுறைக்கு வந்திருந்தேன். பள்ளி விடுதியிலிருந்து ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு வந்தால் எனக்கு இரண்டே வேலைகள். ஒன்று புளி உடைப்பது. இன்னொன்று புளி உடைக்காமல் தப்பிப்பது. இரண்டாவதற்காக ஊருக்கு மேலே இருந்த பாறைக்கு ஓடுவேன். போனில் சிக்னல் எட்டிப் பார்ப்பது அங்கே மட்டும்தான். போன் சித்தப்பாவுடையது. செங்கத்துக்கும் மலைக்கும் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் கண்ணயரும் ஒரு மணி நேரம் போன் என்னுடையது.

அந்தப் பாறைமேல்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். எந்த நாடோ தெரியாது. ஒரு பெண், கன்றுக்குட்டி உயரத்துக்கு இருந்த நாயின் முன்னால் பச்சைக் கறியையும் எலும்பையும் ஈரலையும் அழகாக அடுக்கி வைத்தாள். அது ஒரே மூச்சில் தின்றுவிட்டுப் பல்லைக் காட்டியது. அப்படிப்பட்ட பல்லை நான் எங்கள் ஊரில் மனிதர்களுக்குக்கூடப் பார்த்ததில்லை. அவள் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் புரிந்தது கால்வாசி. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். நாய் ஓநாயின் வம்சம். ஓநாய் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே நாய்க்குச் சமைத்ததைப் போடக் கூடாது. எட்டுப் பங்கு கறி, ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு ஈரல். மூன்றே வாரத்தில் நாய் நாயாக இருக்காது.

எங்கள் செவலன் நாயாக இல்லாமல் போனால் தேவலை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாமைக் கொல்லைக்குக் காவலாக இருக்கட்டும் என்று அப்பா குட்டியிலேயே தூக்கிவந்தது. காட்டுப்பன்றி வந்தால் செவலன் ஒரே ஒரு குரைப்புக் குரைப்பான். பன்றி திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நிற்பான். காலையில் களி, ராத்திரி மிச்சம் மீதி. மற்ற நேரமெல்லாம் சொறிந்துகொள்வான்.

"களி துன்னா களி மாதிரிதாம்பா இருப்பான்" என்று அப்பாவிடம் சொன்னேன். "ஓநா மாதிரி ஆக்கிக் காட்றேன் பாரு."

அப்பாவுக்கு என் திட்டம் பிடிக்கவில்லை. பச்சை ரத்தம் ருசி கண்ட நாய் ஊர்க் கோழியை விடாது என்பது எங்கள் மலையில் யாரும் சந்தேகப்படாத உண்மை. ஆனால் சித்தப்பா என் பக்கம். வீடியோவை அவரும் பார்த்திருந்தார். அம்மா புளிக்கொட்டை தட்டிக்கொண்டே, "செலவில்லாம கெடச்சா இன்னா வேணா பண்ணுங்க" என்றாள். கடைசியில் அப்பா இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு.

"எவன் வூட்டுக் கோழியாவது காணம்னு வந்து நின்னா, அன்னிக்கே இவன ஜீப்புல ஏத்திடுவேன். செங்கத்துல மண்டிக்காரர் ஒருத்தர் காவலுக்கு நாய் கேட்டுகினே இருக்காரு. சங்கிலி போட்டுக் கட்டி வெப்பாரு. அப்பறம் அழக் கூடாது."

நான் ஏன் அழப் போகிறேன்? அறிவியல் என் கையில் இருந்தது.

செங்கத்தில் ஒரு பிராய்லர் கடையில் கழுத்து, கால், எலும்புக் கூடு எல்லாவற்றையும் குப்பைக்குப் போடுவார்களாம். சித்தப்பா அதை ஒரு பையில் கட்டி வாங்கிவந்துவிடுவார். ஜீப்பில் வந்த சனம்தான் பாவம். மலை ஏறுகிற வளைவு ஒவ்வொன்றிலும் பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருளும். அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொள்வார்களாம். "வாந்தி எடுக்கிறவங்க இப்பல்லாம் ஆந்தியார் மடுவு வளைவுக்கு முன்னயே எடுக்கறாங்க" என்று சித்தப்பா சலித்துக்கொண்டார்.

முதல் நாள் இரண்டு கழுத்தும் ஒரு காலும் வைத்தேன். செவலன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அடுப்படியில் இருந்த அம்மாவைப் பார்த்தான். யாரும் களி எடுத்து வருகிற மாதிரித் தெரியவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு கழுத்தை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் வந்து அடுத்ததைக் கொண்டுபோனான். ஓநாய் தனிமையில்தான் தின்னும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள், அல்லது நான் அப்படி நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆகவே நான் பின்னால் போகவில்லை. தட்டு தினமும் காலியானது. பத்துப் பதினைந்து நாளில் சொறி குறைந்தது, முதுகு மினுங்கியது, விலா எலும்பு மறைந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவன் வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். பல்லில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் மாறும்.

ஒரே ஒரு குறை, ஈரல். பிராய்லர் கடைக்காரர் ஈரலைக் குப்பையில் போடுவதில்லை. இந்தக் கவலையில் இருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஆடு வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது.

எங்கள் ஊரில் கறியை நிறுத்து விற்பதில்லை, கூறு போடுவார்கள். வேண்டியவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பெயரோ அத்தனை தேக்கிலையைத் தரையில் வரிசையாக விரித்து, தொடையில் ஒரு துண்டு, நெஞ்சில் ஒரு துண்டு, எலும்பு, ஈரல், குடல் என்று ஒவ்வொன்றிலும் எல்லா இலைக்கும் வைத்துக்கொண்டே போவார்கள். எட்டுப் பங்கு, ஒரு பங்கு, ஒரு பங்கு! வெளிநாட்டுப் பெண் தராசு வைத்துத் திண்டாடியதை எங்கள் ஊர் எந்தக் காலத்திலிருந்தோ தேக்கிலையில் செய்துகொண்டிருந்தது. எனக்குப் புல்லரித்தது. வெட்ட வந்தவர் நெல்லிவாசல்நாட்டுக்காரர். எங்கள் ஊரில் யார் எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது. சித்தப்பாவை நச்சரித்துக் காசு வாங்கி அவரிடம் கொடுத்தேன்.

"பேரு?"

"செவலன்."

"எந்த வூடு?"

"எங்க வூட்டுக்குப் பின்னாலங்க." பொய் இல்லை. அவன் படுப்பது அங்கேதான்.

கூறு போட்டு முடித்ததும் யாருக்கு எந்த இலை என்று சண்டை வரக் கூடாது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு இலையைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர் பட்டியலில் ஒரு பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். அன்றைக்கு முதுகு காட்டி நின்றவர் வெட்ட வந்தவரே.

"இது யாருக்கு?"

"செவலன்!"

ஒருவரும் நகரவில்லை. வெட்ட வந்தவர், ஆள் இன்னும் வரவில்லை என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். "யாருப்பா செவலன்? சீக்கிரம் வாய்யா!"

கூட்டத்துக்குப் பின்னால் படுத்திருந்த செவலன் எழுந்தான். உடம்பை ஒரு உதறு உதறினான். யார் கால்களுக்கோ நடுவில் புகுந்து நேராக அவர் முன்னால் போய் உட்கார்ந்து வாலை ஆட்டினான்.

ஊர் சிரித்து அடங்க வெகுநேரமானது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டு அத்தை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மகளைச் சந்தவாசலில் கட்டிக்கொடுத்துவிட்டார். மாமா கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று பெயர் கொடுக்கத் தாமதமாக வந்து, கூறு முடிந்துவிட்டது என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தவர் அவர்.

"நாய்க்குக் கூறு இருக்குது, எனக்கு இல்ல!" என்று ஆரம்பித்தார். "ஏண்ணே, அடுத்த வாட்டி இவனுக்கு ரேஷன் கார்டும் எடுத்துக் குடுத்துடு!"

கூறு மட்டும் மாறவில்லை. பெயர் சொல்லியாயிற்று. செவலனின் இலை செவலனுக்குத்தான் என்று நெல்லிவாசல்நாட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவன் தேக்கிலை மடிப்பை அப்படியே வாயில் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்கிய பெரிய மனிதன் மாதிரி நடந்து போனான்.

அதற்கு நான்காம் நாள் அத்தையின் கருப்புக் கோழி காணாமல் போனது.

"அண்ணே!" என்று அவர் வாசலில் வந்து நின்றபோது செவலன் கெட்ட நேரத்துக்கு அவருக்குப் பின்னாலேயே வந்தான். வாயோரத்தில் இரண்டு இறகு. "பாரு, பாரு! கூறு குடுத்து வளத்த இல்ல, இப்ப அவனே எடுத்துக்கறான்!"

அப்பா உள்ளே போனார். கயிற்றை எடுத்தார்.

மறுநாள் காலை ஜீப்பின் பின்சீட்டில் செவலனைக் கட்டியாயிற்று. ஜீப்பில் போவதென்றால் அவனுக்கும் சந்தோஷம்தான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் எல்லோரையும் நக்கிக்கொண்டிருந்தான். அழக் கூடாது என்று அப்பா முன்பே சொல்லியிருந்ததால், நான் ஜீப்பின் முன்னால் போய் நின்று வாதாடினேன்.

"அப்பா, அத்தை கோழி கருப்பு. இவன் வாயில இருந்த எறகு வெள்ள. அது பிராய்லர் கழுத்துல ஒட்டிகினு வந்தது. சித்தப்பாவக் கேளுங்க!"

"கருப்புக் கோழிக்கும் அடிவயித்துல வெள்ளத் தூவி இருக்கும். நவுரு."

"ஓநாய் பசிச்சாதாம்பா வேட்டையாடும்! இவனுக்கு நான் அளவாப் போடறேன், வயிறு ரொம்பி இருக்குது! அப்பறம் எதுக்குப்பா கோழிய..."

அப்பா என்னை ஓரமாக இழுத்துவிட்டார். சித்தப்பா சாவியைத் திருப்பினார். ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் அத்தை தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்தார். வந்தவர் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எறக்கு. நாய எறக்கு."

"இன்னா தங்கச்சி, நீதான நேத்து..."

"கோவத்துல சொன்னேன். கோழி போனா போவுது, கீரி தூக்கினு போயிருக்கும். இவன் பச்சக் கறியே துன்றதில்லண்ணே!"

ஜீப் நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது. "துன்றானே அத்தை! தெனமும் தட்டு காலியாவுதே!"

"காலியாவும். அத்தினியும் என் எருக்குழில பொதச்சி வெச்சிருக்கான். நாத்தம் தாங்கல. என் வூட்ல களி துன்னுட்டுதான் உன் வூட்டுக்கு வர்றான். காலைல ஒரு வாட்டி, பொழுது போனா ஒரு வாட்டி."

ஜீப்பில் இருந்தவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். செங்கத்தில் ஆயிரம் வேலை இருந்தாலும் இது அதைவிட நன்றாக இருந்தது.

"அப்ப அந்தக் கூறு?" என்று கேட்டார் சித்தப்பா. காசு அவருடையது.

அத்தை கொஞ்சம் தயங்கினார். "எலையோட கொண்டாந்து என் வாசப்படில வெச்சான். நான் இன்னா பண்றது. நாலு தண்ணி ஊத்திக் கழுவிக் கொழம்பு வெச்சேன்." பிறகு அவசரமாக, "அவனுக்கும் ஊத்துனேன்" என்றார்.

அப்பா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. அவிழ்த்துவிட்ட செவலன் கீழே குதித்து, என்னைத் தாண்டி, அத்தையின் பின்னால் போனான்.

என் வாதத்தைக் கேட்டுத்தான் அத்தை மனம் மாறினார் என்று நான் விடுதிக்குத் திரும்பிப் போய் எல்லோரிடமும் சொன்னேன். வெள்ளை இறகு, கருப்புக் கோழி. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

ஆனால் ஒரு கோபம் எனக்கு இருந்தது. செவலனை இறக்கிய அன்று சாயங்காலமே பின்வீட்டுக்குப் போனேன். "எதுக்கு அத்தை களி போட்டீங்க? என் சோதனையே கெட்டுப் போச்சி."

அத்தை பெரிய குண்டானைக் காலால் அணைத்துக்கொண்டு களி கிண்டிக்கொண்டிருந்தார். "ஒரு ஆளுக்குக் களி கிண்ட வர்ல பாப்பா. மாவு கொஞ்சமாப் போட்டா கட்டி தட்டுது. மாமா போனதுலேர்ந்து எத்தினி வாட்டி பாத்துட்டேன். கை கேக்க மாட்டேங்குது."

இது சுலபமாகத் தீர்க்கக்கூடிய விஷயமாக எனக்குப் பட்டது. சித்தப்பாவிடம் சொல்லிச் செங்கத்திலிருந்து ஒரு சின்னக் குண்டான் வாங்கி வரச் செய்தேன். ஒரு ஆளுக்குக் கச்சிதம். அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அடுப்பில் அதே பெரிய குண்டான். சின்னக் குண்டான் செவலன் முன்னால் இருந்தது, அதில் அவனுக்குக் களி. அத்தை தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கும் பாற மேல போய் நின்னேன், போன் வர்லடா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் தின்பதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எவ்வளவு யோசித்து வாங்கியது! அத்தைக்கு அளவு தெரியவில்லை, அதுதான் சிக்கல் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுக் கணக்குப் போட்டு, எத்தனை பிடி மாவு, எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மறுநாள் காலையில் அவர் அடுப்புக்கு மேல் சுவரில் நானே ஒட்டிவிட்டு வந்தேன்: ஒரு ஆளுக்குக் களி செய்யும் முறை.